கோப்பி நோயும் தமிழில் நுண்ணுயிரியலும்: மடுல்சீமையை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

விஞ்ஞானத்தின் வரலாறு கண்டுபிடிப்புகளின் வரிசை மட்டுமன்று. கண்டறியப்பட்டவை யாருடைய மொழியில், யாருடைய பயன் கருதி எழுதப்பட்டன என்பதும் அவ்வரலாற்றின் பகுதியேயாகும். ஊவாவிலுள்ள மடுல்சீமை இதற்குத் தக்க சான்றாக அமைகின்றது.

இலங்கையின் கோப்பி இலைத்துரு நோய் முதன்முதலாக 1869 இல் மடுல்சீமைத் தோட்டமொன்றிலேயே அவதானிக்கப்பட்டது. இலையின் அடிப்புறத்தே செம்மஞ்சள் தூளாகத் தோன்றிய அந்நோயின் மாதிரிகளைப் பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸ் இங்கிலாந்துக்கு அனுப்பினார். அவ்வாண்டு நவம்பரிலேயே பேர்க்கிலி என்ற அறிஞர் நோய்க்குக் காரணமான பங்கசுக்கு ஹெமிலேயா வாஸ்றாற்றிக்ஸ் எனப் பெயரிட்டார். 1880 இல் இலங்கைக்கு வந்த மார்ஷல் வார்ட், காற்றிற் பரவும் வித்திகளைக் கண்ணாடித் தகடுகளிற் பிடித்து நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்தார். கோப்பி மீளவில்லை, அதனிடத்தைத் தேயிலை பிடித்தது. எனினும், மூலதனத்துக்கு ஊறு நேர்ந்தபோது நுணுக்குக்காட்டி மலைநாட்டுக்கு வந்துசேர்ந்தது என்பது மனங்கொளத்தக்கது.

அக்கோப்பியைப் பறித்த கைகளின் நிலை வேறு. தமிழகத்திலிருந்து மன்னார் வழியாகக் கால்நடையாய் மலையேறிய தொழிலாளரை வாந்திபேதி வழியிலேயே கொன்றது. 1872 இல் தோட்டப்பகுதிகளுக்கான மருத்துவத் தேவைச் சட்டம் பிறந்தது. ஆயின் அச்சட்டத்தில் தொழிலாளி பேணப்படவேண்டிய உழைப்புச் சக்தியாகவே கருதப்பட்டான். தன் நோயின் காரணத்தை அறியவேண்டிய மனிதனாகக் கருதப்படவில்லை.

இதே காலத்தில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழ் வழி மருத்துவக் கல்வி நடைபெற்றது. 1847 இல் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1864 முதல் தமிழிலேயே மாணவருக்குக் கற்பித்தார், உடற்கூற்றியல், இரண வைத்தியம், மகப்பேறு, இரசாயனம் ஆகிய துறைகளில் நூல்களைத் தமிழாக்கினார், கலைச்சொற்களைத் தொகுத்தார். அவரது நோக்கத்திற் சமயப் பரப்பலும் கலந்திருந்தது. ஆயினும் நவீன மருத்துவத்தைத் தமிழ் தாங்கும் என்பதை அவர் நடைமுறையில் நிறுவினார்.

மானிப்பாயின் தமிழ் நூல் மடுல்சீமையின் தமிழ்த் தொழிலாளியை ஏன் சென்றடையவில்லை? மொழி ஒன்றாயினும் வர்க்கம் வேறாயிருந்தமையே முதற் காரணம். கிறீனின் மாணவர் மிஷன் பள்ளிகளில் உருவான யாழ்ப்பாணத்துக் கற்றோர். தோட்டத் தொழிலாளரோ எழுத்தறிவு மறுக்கப்பட்டோர். மற்றையது காலம் பற்றியது. கிறீன் 1873 இல் நாடு திரும்பினார். கொக் கல்கத்தாவில் வாந்திபேதிக் கிருமியை இனங்கண்ட 1884 ஆம் ஆண்டிலேயே அவர் காலமானார். கிருமிக் கோட்பாடு நிலைபெற்றபோது இந்நாட்டின் மருத்துவக் கல்வி, 1870 இல் தொடங்கிய கொழும்பு மருத்துவக் கல்லூரியின் ஆங்கிலத்துக்குள் ஒடுங்கிவிட்டது. நுண்ணுயிரியல் தமிழில் வேரூன்றாமைக்குச் சொற்பஞ்சம் காரணமன்று. சுதந்திரத்தின் பின் அரசகரும மொழித் திணைக்களம் விஞ்ஞானக் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டமையும் இதனை உறுதிப்படுத்தும்.

இன்று நிலைமை ஓரளவு மாறியுள்ளது. தோட்டப் பள்ளிகள் 1970களில் அரசுடைமையாகத் தொடங்கின. 1980 முதல் பள்ளிப் பாடநூல்கள் இலவசமாயின. ஆயின் அவ்விலவசம் சாதாரண தரத்தோடு நின்றுவிடுகின்றது. தாதியாகவோ ஆய்வுகூட உதவியாளராகவோ பயிலப்புகும் தோட்டத்துப் பிள்ளைக்கு அதன் பின்னரே நூல் எட்டாப் பொருளாகின்றது. 2016 இல் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ், அமெரிக்க நுண்ணுயிரியற் கழகத்துடன் இணைந்து, சுகாதாரத்துறை மாணவர்க்கான அறிமுக நுண்ணுயிரியல் நூலொன்றை இலவசமாக வெளியிட்டது. மூலத்தைக் குறிப்பிட்டு எவரும் அதனை மொழிபெயர்க்கலாம், திருத்தலாம், அச்சிட்டுப் பகிரலாம்.

விலை என்னும் சுவர் இங்கு தகர்ந்துள்ளது. மொழிச் சுவர் அப்படியே நிற்கின்றது. எனவே இந்நூலைப் பெயர்ப்பதோடு, மலையக மாணவரின் சூழலுக்கேற்ற செய்முறைக் கைந்நூலொன்றை ஆக்குவதும் தமிழ்ப் புலமையாளரின் கூட்டுக் கடமையாகும். லயத்துப் பீலித் தண்ணீரைச் சோதிக்கும் முறை அதில் இடம்பெறல் வேண்டும். மடுல்சீமையின் இலைத்துருவும் பாடமாதல் வேண்டும். கோப்பிச் செடிக்கு 1880 இல் கிட்டிய நுணுக்குக்காட்டியை, அச்செடியை வளர்த்தவரின் வழித்தோன்றல்கள் தம் மொழியில், தம் கையாற் பயன்படுத்தும்போதே அவ்வறிவு மக்களுடையதாகும்.