கருவைக் காக்காத காப்பீடு

கடல் கடந்து வேலைக்குப் போன தமிழ்ப் பெண்களின் வரலாற்றில் கப்பல் இருக்கிறது, கங்காணி இருக்கிறார், கூலிக் கணக்கும் இருக்கிறது. அவர்களுக்குக் காய்ச்சல் வந்தபோது மருந்துக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்ற கேள்வி மட்டும் ஓரத்தில் கிடக்கிறது. வெளிநாடு போகிறவர்களுக்கு ‘குறைந்த கட்டணத்தில் மருத்துவக் காப்பீடு’ என்ற விளம்பரங்கள் பெருகிவிட்ட இன்று, அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவதே சரி என்று நினைக்கிறேன்.

இலங்கை மலைநாட்டில் காப்பி விளைந்த காலத்தில் தமிழகத்திலிருந்து பெரும்பாலும் ஆண்களே பருவத்துக்குப் பருவம் போய்வந்தார்கள். 1869இல் காப்பி இலையில் நோய் விழுந்தது. பின்னர் தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுதும் கொழுந்து பறிக்க ஆள் வேண்டும். பெண்கள் குடும்பத்தோடு லயங்களில் குடியேறினார்கள். தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கென்று 1872இல் காலனி அரசு தனிச்சட்டம் கொண்டுவந்தது. 1912இன் சட்டம், பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதம் உணவும் இருப்பிடமும் தர வேண்டும், அதுவரை வேலைக்கு அழைக்கக் கூடாது என்றது. 1939இல் பேறுகாலப் பணப்பயன் சட்டமும் வந்தது.

இவற்றை வெறும் கருணையாக வாசிக்க எனக்கு மனம் வரவில்லை. தோட்டத்துக்கு அவளுடைய கைகளோடு அவள் பெறும் பிள்ளைகளும் தேவைப்பட்டார்கள். அவர்கள்தாம் நாளைய கூலிகள். அவளுடைய கருப்பையும் துரையின் கணக்கேட்டில் இருந்தது. இருந்தாலும் அந்த ஒரு மாதம், சட்டத்தில் எழுதப்பட்டுவிட்ட ஒரு மாதம்.

இன்று வீட்டு வேலைக்காகச் சிங்கப்பூர் போகும் பெண்ணின் நிலை தலைகீழ். அவளுக்குக் காப்பீடு எடுப்பது முதலாளியின் கடமை. அந்தச் செலவை அவளிடம் வசூலிக்கக் கூடாது. ஆண்டுக்குக் குறைந்தது 15,000 வெள்ளி என்றிருந்த காப்புத்தொகை, 2023 ஜூலை முதல் 60,000 வெள்ளியாக உயர்ந்திருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதே பெண் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனைக்குப் போக வேண்டும். அதில் கர்ப்பப் பரிசோதனையும் உண்டு. அங்கே கருத்தரிக்கக் கூடாது என்பது அவளுடைய வேலை அனுமதியின் நிபந்தனை. தோட்டத்துக்குப் பிள்ளைகள் வேண்டியிருந்தன. இந்த வீட்டுக்கு வேண்டியதில்லை. இரண்டு இடத்திலும் முடிவு அவளுடையதல்ல.

நம் அரசின் திட்டமும் இருக்கிறது. பிரவாசி பாரதிய பீமா யோஜனா 2003இல் தொடங்கியது. பத்தாம் வகுப்பு தேறாமல், வளைகுடா, மலேசியா போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு அது கட்டாயம். 2017இல் திருத்திய திட்டப்படி இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய், வரி தனி. மாதத்துக்குப் பன்னிரண்டு ரூபாய்கூட இல்லை. விபத்தில் இறந்தால் 10 லட்சம். மருத்துவமனைச் செலவுக்கு 1 லட்சம். பெண்களுக்குப் பேறுகாலச் செலவாக அதிகபட்சம் 50,000 ரூபாய். படித்தபோது மகிழ்ந்தேன். பிறகு மலேசியாவின் விதியைப் பார்த்தேன்: வெளிநாட்டுத் தொழிலாளி மருத்துவப் பரிசோதனையில் கர்ப்பமாக இருப்பது தெரிந்தால், வேலைக்குத் தகுதியற்றவள் என்று திருப்பி அனுப்பப்படுகிறாள். ஒரு நாடு பேறுகாலத்துக்குப் பணம் தருகிறேன் என்கிறது; வேலை தரும் நாடு பேறுகாலமே கூடாது என்கிறது.

மலிவு என்பதைக் கட்டணத்தை வைத்து மட்டும் அளக்க முடியாது. என் மாணவி ஒருத்தியின் அம்மா சிங்கப்பூரில் ஒரு வீட்டில் வேலை பார்த்தார். மார்பில் கட்டி தட்டுப்பட்டு ஏழு மாதம் வாயைத் திறக்கவில்லை. காப்பீடு இருந்தது, அதற்காக அவர் ஒரு காசும் கட்டவில்லை. ஆனால் அந்தத் தாள் முதலாளியம்மாவின் அலமாரியில் இருந்தது. நோய் என்று சொன்னால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், வாங்கிய கடன் அப்படியே நிற்கும் என்று பயந்தார். இலவசக் காப்பீட்டுக்கு அவர் கொடுத்த விலை அந்த ஏழு மாதம்.

ஆகவே வெளிநாடு புறப்படும் பெண்களும் அவர்களுக்குப் படிவம் நிரப்பித்தரும் மகள்களும் கட்டணத்தைக் கேட்பதோடு நின்றுவிடக் கூடாது. பாலிசியின் நகல் என் கையில் இருக்குமா? மருத்துவமனையில் படுத்தால்தான் பணமா, கிளினிக்குக்குப் போனாலும் உண்டா? ஏற்கெனவே இருக்கும் சர்க்கரையும் தைராய்டும் சேருமா? பிள்ளைப்பேறு சேருமா? பரிசோதனை முடிவு முதலில் யார் கைக்குப் போகும்? வேலை போனால் அன்றே காப்பீடும் போய்விடுமா?

1912இல் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தவளுக்கு இந்தக் கேள்விகளைக் கேட்க வழியில்லை. அவள் சார்பில் துரையும் அரசும் பேசி முடித்துவிட்டார்கள். இன்று பேசி முடிப்பவர்கள் முகவர்களும் முதலாளிகளும் இரண்டு அரசுகளும். கையெழுத்து மட்டும் அவளுடையது. போடும் முன் அவள் வாசிக்கட்டும். வாசிக்கத் தெரியாதென்றால் நாம் உரக்க வாசித்துக் காட்டுவோம்.