மாந்தை மேட்டில் மண் அரித்தவர்கள்

வவுனியாவிலிருந்து மன்னாருக்குப் போகிறவர்கள் பாலத்தை எட்டுவதற்கு முன் வலப்பக்கம் திரும்பினால் திருக்கேதீச்சரம். கோயிலைச் சுற்றி குதிரை லாட வடிவில் ஒரு மண்மேடு கிடக்கிறது. அதை வளைத்து இரட்டை அகழி. தேவாரம் பாடியவர்களுக்கு அது மாதோட்டம், பாளி நூல்களுக்கு மகாதித்த, ஆய்வாளருக்கு மாந்தை. மேற்கே உரோமும் கிழக்கே சீனமும் சரக்கு மாற்றிக்கொண்ட இந்தத் துறைமுகம் கி.பி. 11ஆம் நூற்றாண்டளவில் ஓய்ந்துபோனது.

நம்மட கூட்டங்களில் மாந்தையின் பெயர் அடிக்கடி வரும். அதற்குக் காரணம் இருக்கிறது. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் சோனகரைத் தமிழரென்று எழுதினார். 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதை மறுத்து எழுதினார். அந்த வழக்கு அன்று ஏட்டளவில் இருந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றிய பிறகு அது வீடு, வளவு, வயல் வழக்காகிவிட்டது. “மாந்தையில அரபுப் பீங்கான் கிடைச்சிருக்கு, ஆயிரம் வருஷமா நாங்க இங்கதான்” எண்டு மேடையில் சொல்வது அதன் பிறகுதான் கூடியது. அந்தப் பீங்கான் எப்படி மண்ணிலிருந்து வெளியே வந்தது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

1887இலேயே போக் என்ற ஆங்கில அதிகாரி இந்த இடத்தைப் பற்றி எழுதினார். முறையான பெரிய அகழ்வு 1980இல் ஜோன் காஸ்வெல் தலைமையில், தொல்பொருள் திணைக்களத்தோடு சேர்ந்து தொடங்கியது. காஸ்வெல் ஓவியம் படித்தவர். ஜெரிக்கோவில் கத்லீன் கென்யன் தோண்டியபோது வரைபடக்காரராகத் தொழில் பழகி, பெய்ரூத்தில் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தார். சீனப் பீங்கான் மேற்கே பயணித்த வழியைத் தேடித்தான் இங்கே வந்தார்.

அகழ்வு என்றால் புதையல் எடுப்பது என்று நினைக்கிறோம். உண்மையில் அது வெயிலில் குந்தியிருந்து செய்கிற வேலை. நூல் கட்டிச் சதுரம் பிரிப்பார்கள். சதுரங்களுக்கு இடையே ஒரு வரம்பை வெட்டாமல் விடுவார்கள், மண் அடுக்குகள் அந்தச் சுவரில்தான் தெரியும். மண்வெட்டி மேலடுக்குக்கு மட்டும். கீழே போகப்போகக் கரண்டியும் தூரிகையும்தான். நிறம் மாறினால் நிறுத்த வேண்டும், அடுக்குக்கு இலக்கம் போட வேண்டும். வெட்டிய மண் முழுவதும் அரிதட்டுக்குப் போகும். மணியும் எலும்பும் அங்கே பிடிபடும். ஓட்டுத்துண்டுகளை வாளித் தண்ணீரில் போட்டு, பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவி, நிழலில் காயவைத்து, ஒவ்வொன்றிலும் மையால் சிறிய இலக்கம் எழுதுவார்கள். தொண்டர்களாக வருகிற மாணவருக்கு உலகம் முழுவதும் முதலில் கொடுக்கப்படுவது இந்தக் கழுவும் வேலைதான். சலிப்பான வேலை, ஆனால் கை பழகுவது அங்கேதான். மினுங்குகிற நீலப்பச்சைப் பூச்சு பாரசீகக் குடாப் பக்கத்துச் சாடி, பச்சை கலந்த சாம்பல் பூச்சு சீனத்து யூவே கிண்ணம் என்று விரலே சொல்லத் தொடங்கும்.

1984இல் போர் அந்த வேலையை நிறுத்தியது. முழு அறிக்கை அச்சில் வந்தது 2013இல். 29 வருஷம்!

போர் முடிந்த கையோடு 2009-2010இல் மறுபடி தோண்டினார்கள். இந்தமுறை தேடியது பீங்கானை அல்ல, சாப்பாட்டை. அதற்கொரு எளிய வழி உண்டு. மண்ணைத் தண்ணீரில் கரைத்துக் கலக்கினால் கருகிய தானியமும் விதையும் மிதக்கும், மெல்லிய வலையில் வடித்தெடுக்கலாம். அப்படி வடித்ததில் எட்டு மிளகுகள் இருந்தன, கி.பி. 600 அளவிலிருந்து கணிக்கப்பட்டவை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவில் வாழ்ந்த காலத்தை ஒட்டியவை என்று நினைக்கும்போது அந்தக் கருகிய மணிக்கே ஒரு கனம் வருகிறது. கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்ட முழுக் கராம்பு ஒன்றும் கிடைத்தது. அன்று கராம்பு விளைந்தது மலுக்குத் தீவுகளில். கோதுமையும் முந்திரிகைப் பழமும் வெளியிலிருந்து வந்தவை. ஆனால் அடுப்பில் அன்றாடம் வெந்தது பெரும்பாலும் இந்த நாட்டு அரிசி. கட்டுக்கரைக்குளத்து வயல்களைக் கண்டவர்களுக்கு இதில் புதினமில்லை.

இப்போது மேடைப் பேச்சுக்கு வருவோம். நீலப்பச்சைச் சாடி ஓடு எதை நிரூபிக்கிறது? குடாவிலிருந்து சாடி வந்ததை. அதை இறக்கியவர் முஸ்லிமா, பாரசீகக் கிறிஸ்தவரா, தமிழ் வணிகரா என்று ஓடு பேசாது. இந்தோனேசியாவின் பெலித்துங் அருகே கடலடியில் கிடந்த 9ஆம் நூற்றாண்டுக் கப்பல் அரபு முறைப்படி கயிற்றால் தைக்கப்பட்டது. அதில் இருந்ததோ பல்லாயிரம் சீனக் கிண்ணங்கள். அதற்காகக் கரையில் அந்தக் கிண்ணத்தில் சோறு தின்றவரைச் சீனர் என்று சொல்வோமா?

மனிதர் இருந்ததற்குச் சாட்சி வேண்டுமென்றால் மீஸான் கல்லைப் பார்க்க வேண்டும். கொழும்பு நூதனசாலையில் ஹிஜ்ரி 337 என்று கூஃபி எழுத்தில் வெட்டிய கல் இருக்கிறது. காலித் என்பவருக்காக நாட்டியது. ஒல்லாந்தர் காலத்தில் அதை மையவாடியிலிருந்து பிடுங்கி ஓர் அதிகாரியின் வீட்டுப் படிக்கல்லாகப் போட்டிருந்தார்கள். பலாதுரி எழுதிய சம்பவமும் உண்டு: இத்தீவில் மௌத்தான முஸ்லிம் வணிகரின் பெண்மக்களை அரசன் ஹஜ்ஜாஜிடம் அனுப்பியதும், தேபல் கடலில் அவர்கள் பிடிபட்டதும். வணிகர் இங்கே குடும்பத்தோடு வாழ்ந்தார்கள் என்பதை ஒரு சாடியைவிட அது பலமாகச் சொல்கிறது. அந்த ஊர் எது என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

என் கணிப்பில், 1990இல் ஓர் ஊரில் வாழ்ந்தவருடைய உரிமைக்கு 9ஆம் நூற்றாண்டு ஓடு தேவையில்லை. உறுதியும் பள்ளிவாசல் பதிவும் கிணறும் போதும். உரிமையை ஓட்டில் கட்டினால், நாளை வேறொருவர் அதைவிடப் பழைய ஓட்டோடு வருவார். மாந்தையின் அடியில் கற்காலக் கருவிகளும் இருக்கின்றன என்பதை மறக்கக் கூடாது.

மீளக் குடியேறிய ஊர்களில் கிணறும் அத்திவாரமும் வெட்டுகிறபோது பூச்சுள்ள ஓடு தட்டுப்பட்டால், கழுவி அலுமாரியில் வைக்காதீர்கள். எத்தனை அடி ஆழம், என்ன நிற மண், கூடவே என்ன கிடந்தது என்று எழுதிப் படம் எடுங்கள். 1940ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்கவும் வேண்டும். எழுத்து வெட்டிய கல் எண்டால் அசைக்கவே வேண்டாம், அது நிற்கிற திசையும் குறிப்பில் சேர வேண்டியது.