நாளெண்ணும் கல்வி

‘அவர் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார்’ என்று யாரைப் பற்றியாவது சேதி வந்தால், நம் வீடுகளில் உடனே ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். இனிப் பிழைக்கமாட்டார், போய் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பது அதன் பொருள். சாகக் கிடப்பவரின் வேலையாக நாம் ஒதுக்கிவைத்த அந்த எண்ணிக்கையை, நன்றாக நடமாடும் மனிதனுக்குக் கற்றுத்தரும்படி கடவுளிடம் கேட்கிறது வேதாகமத்தின் 90ஆம் சங்கீதம். விழா மலர்களில் நாம் ஆண்டுகளை எண்ணுகிறோம்: 25 என்றால் வெள்ளி, 50 என்றால் பொன், 60 என்றால் வைரம். சங்கீதக்காரரோ நாள்கணக்கில் இறங்குகிறார்.

150 சங்கீதங்களில் மோசேயின் பெயரைத் தலைப்பில் தாங்கியது இது ஒன்றே. எகிப்தைவிட்டுப் புறப்பட்ட தலைமுறை, வனாந்தரத்தின் 40 ஆண்டுகளில் ஒவ்வொருவராக மண்ணுக்குள் போனதைப் பார்த்த மனிதரின் குரலாக மரபு இதைக் கேட்கிறது. மனித ஆயுளுக்கு அது போடும் கணக்கு 70; உடம்பில் வலுவிருந்தால் 80. கடவுளின் பார்வையில் ஆயிரம் ஆண்டும் இரவின் ஒரு சாமம். எழுபதை நாளாக்கினால் 25,500க்குச் சற்று மேலே வரும். இந்தப் பெருக்கலைப் பள்ளிப்பிள்ளையே போட்டுவிடும். இதற்குக் கடவுள் வந்து பாடம் நடத்த வேண்டுமா?

எபிரேய மூலத்தில் எண்ணுதலைக் குறிக்க ‘மனா’ என்னும் வினை நிற்கிறது. எரேமியாவின் நூலில், ஆடுகளைத் தன் கைக்குக் கீழே ஒவ்வொன்றாகக் கடக்கவிட்டு எண்ணும் மேய்ப்பனுக்கும் இதே வினைதான். கிடை போடும் நம் கீதாரிகளுக்குத் தெரிந்த வேலை இது. கூலிக்கு மேய்ப்பவன், ஆடுகள் தன்னுடையவை என்று பூரித்துப்போய் எண்ணுவதில்லை. உடையவர் கேட்கும்போது கணக்குச் சொல்வதற்காக எண்ணுகிறான். நாட்களும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட மந்தை என்று உணர்வதே இந்தக் கல்வியின் முதல் பாடம் எனக் கொள்ளலாம். அதைத்தான் பெருக்கல் வாய்ப்பாட்டில் படிக்க முடியாது.

மாயையும் மூச்சும்

நாட்களை எண்ணும்போது எதிர்ப்படும் நிலையாமை தமிழ்க் காதுக்குப் பழகிய சேதி. தொல்காப்பியர் அதற்குக் காஞ்சி என்று ஒரு திணையையே வகுத்தார். நாலடியார் செல்வம், இளமை, யாக்கை என்னும் மூன்று நிலையாமைகளோடு தொடங்குகிறது. வள்ளுவர் துறவறவியலில் அதற்குத் தனி அதிகாரம் வைத்தார். ஆகவே, வேதாகமத்திலுள்ள பிரசங்கியின் புத்தகத்தில் ‘மாயை’ என்ற சொல்லைக் காணும் தமிழ் வாசகர், பழகிய தெருவில் நடப்பதுபோல் நடந்துவிடுகிறார். அங்கேதான் சற்று நின்று பார்க்க வேண்டும்.

எபிரேயச் சொல் ‘ஹெபெல்’. அந்தச் சிறிய நூலில் 38 முறை வருகிறது. அதன் நேர்ப்பொருள் மூச்சு, ஆவி. மார்கழி விடியலில் வாயைத் திறந்தால் புகைபோல் எழுந்து கரையுமே, அதுதான். வயல்வெளியில் கொலையுண்ட ஆபேலின் பெயரும் எபிரேயத்தில் இதே சொல்லே. மாயை என்றதும், இல்லாத ஒன்று இருப்பதுபோல் தோன்றுவதாக வேதாந்த வாசனையோடு படித்துவிடுகிறோம். மூச்சு உண்மையாகவே இருப்பது. பிடித்து வைக்கத்தான் முடியாது. அதனால்தான் பிரசங்கி உலகத்தைப் பொய் என்று ஒதுக்கவில்லை. உண்பதும் குடிப்பதும் தன் உழைப்பில் மகிழ்வதும் கடவுளின் கொடை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். சொல்லிவிட்டு, கடவுளுக்கு அஞ்சி நடப்பதில் வந்து முடிக்கிறார்.

‘அஞ்சுதல்’ என்ற சொல் இன்றைய படிப்பாளிக்குக் கொஞ்சம் உறுத்தும். எபிரேயத்தின் ‘யிரா’ அச்சத்தையும் வணக்கத்தையும் ஒரே மூச்சில் சொல்வது. அதற்கு ஈடாகத் தமிழில் ‘பயபக்தி’ என்ற அருமையான கூட்டுச்சொல் புழங்குகிறது. பயம் மட்டும் இருந்தால் மனிதன் ஓடி ஒளிவான். பக்தி மட்டும் இருந்தால் உரிமை கொண்டாடி அளவு மறப்பான். அறிவுக்கும் அச்சத்துக்கும் ஆகாது என்று நினைப்பவர்கள் வள்ளுவரைப் பார்க்கலாம். பயப்பட வேண்டியதைக் கண்டு பயப்படாதிருப்பதைப் பேதைமை என்று அவர் சொல்லும் இடம், ‘அறிவுடைமை’ அதிகாரம். நீதிமொழிகளும் யோபுவின் நூலும் ஞானத்துக்கு வாசற்படியாக இறையச்சத்தையே காட்டுகின்றன.

தரங்கம்பாடியில் ஒரு கணக்கு

நாளெண்ணும் இந்தக் கல்வி ஒரு மனிதனுக்குள் எப்படி வேலை செய்யும் என்பதற்குத் தமிழ் மண்ணிலேயே சான்று உண்டு. பர்த்தலோமேயு சீகன்பால்கு 1682இல் ஜெர்மனியின் புல்ஸ்னிட்ஸ் ஊரில் பிறந்தவர். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தார், உடம்பும் நோஞ்சான். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் மறைப்பணிக்கு அனுப்ப, 1706 ஜூலை 9 அன்று தோழர் புளுட்சோவுடன் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். பள்ளிப்பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தார். கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்தார்.

1708இல் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கியவரை, அதே ஆண்டின் இறுதியில் டேனியக் கோட்டைத் தளபதி சிறையில் அடைத்தார். நான்கு மாதம் கழித்து வெளியே வந்தார். 1711இல் மொழிபெயர்ப்பு முடிந்தது. 1715இல் தரங்கம்பாடி அச்சகத்தில் முழுவதும் அச்சேறியது. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அது. 1718 அக்டோபரில் புதிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. நான்கரை மாதம்கூட முழுதாகக் கழியவில்லை, 1719 பிப்ரவரி 23 அன்று அவர் மறைந்தார். அந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். வயது 36. சங்கீதம் போட்ட கணக்கில் ஏறத்தாழப் பாதி.

பழைய ஏற்பாட்டில் அவர் கை ரூத்தின் புத்தகத்தோடு நின்றது. ரூத்துக்கும் சங்கீதத்துக்கும் நடுவே பத்துப் புத்தகங்கள். நாளெண்ணக் கற்பிக்கக் கேட்கும் அந்த விண்ணப்பம்வரை அவருடைய வேதாகமத் தமிழாக்கம் வந்து சேரவில்லை. அவர் இறந்த பிறகு, அதே 1719இல் தரங்கம்பாடிக்கு வந்தார் பெஞ்சமின் சூல்ட்சே. முன்னவர் முகத்தை இங்கே பார்க்கக் கொடுத்துவைக்காதவர், அவர் விட்ட இடத்திலிருந்து எடுத்து எஞ்சிய புத்தகங்களை 1728க்குள் அச்சுக்குக் கொண்டுவந்தார். பின்னர் அதே பணிக்குப் பப்ரிசியுஸ் வந்து அந்தத் தமிழைத் திருத்திச் செப்பனிட்டார்.

ஆயுள் சிறிது என்று தெரிந்ததும் சிலர் பதறுகிறார்கள். சிலர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். நாட்கள் உடையவருக்குச் சொந்தம் என்று அறிந்தவருக்கு இரண்டும் தேவையில்லை. தன் காலத்துக்குள் முடியாது என்று தெரிந்த வேலையையும் அவர் தொடங்கலாம். ரூத் வரைக்கும் கணக்குச் சுத்தமாக இருந்தால் போதும். 90ஆம் சங்கீதம் தன் கடைசி வரியில் ஒரே வேண்டுதலை இருமுறை வைக்கிறது: எங்கள் கைகள் செய்த வேலை நிலைக்க வேண்டும் என்று. கைகள் நிலைக்க வேண்டும் என்று அது கேட்கவில்லை.