பாலு மகேந்திரா: ஜன்னல் வெளிச்சத்தை நம்பிய ஒளிப்பதிவாளர்

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ நண்பர்களோடு சேர்ந்து ஃபோனில் குறும்படம் எடுக்கிறீர்களா? 'நல்ல லைட் வாங்க காசு இல்லையே' என்பதுதான் முதல் கவலையா? அப்படியென்றால் பாலு மகேந்திராவை நீங்கள் தெரிந்து வைத்திருக்கணும்.

யார் இவர்?

இலங்கையில் மட்டக்களப்புக்கு அருகே அமிர்தகழியில் 1939-இல் பிறந்தவர். பள்ளி நாளில், டேவிட் லீன் இலங்கையில் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' எடுப்பதை நேரில் பார்த்தார். சினிமா ஆசை அங்கே பிடித்துக்கொண்டது. நம் மலாயாத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்த சயாம் மரண ரயில் பாதைதான் அந்தப் படத்தின் களம்.

புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து 1969-இல் வெளியே வந்தார். மலையாளப் படமான 'நெல்லு' (1974) கேரள மாநில விருது தந்தது. அவர் முதலில் இயக்கிய கன்னடப் படம் 'கோகிலா' (1977), பிறகு 'மூன்றாம் பிறை' (1982) இரண்டுக்கும் ஒளிப்பதிவுக்கான தேசிய விருது கிடைத்தது. ரஜினி நடித்த 'முள்ளும் மலரும்' (1978) படத்துக்கும் இவர்தான் கேமரா.

அப்படி என்ன புதுசா செய்தார்?

அப்போதைய பல படங்களில் ராத்திரிக் காட்சியில்கூட முகம் பளிச்சென்று இருக்கும். இவரோ, 'இந்த அறைக்குள் வெளிச்சம் எங்கிருந்து வரும்?' என்று யோசித்தார். பகலில் ஜன்னல், இரவில் விளக்கு. அந்தப் பக்கம் மட்டும் ஒளி. மறுபக்கம் நிழலாகவே இருக்கட்டும் என்று விட்டார். 'மூன்றாம் பிறை'யில் ஊட்டிப் பனிமூட்டமே வெயிலை வடிகட்டி முகங்களை மென்மையாக்குகிறது.

இது அழகுக்காக மட்டுமா?

இல்லை. 'வீடு' (1988) பாருங்கள். சொந்த வீடு கட்டப் போராடும் நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணின் கதை. பாட்டே கிடையாது. நிஜமாகவே ஒரு வீட்டைக் கட்டியபடி படம் பிடித்தார். அங்கே ஸ்டூடியோ வெளிச்சம் விழுந்திருந்தால், அவள் கவலையை நாம் நம்பியிருப்போமா? நாயகி அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது.

பாலா, வெற்றிமாறன், ராம் மூவரும் இவரிடம் உதவியாளர்களாக இருந்தவர்கள். கடைசிப் படம் 'தலைமுறைகள்' (2013). அதில் தாத்தாவாக அவரே நடித்தார். 2014 பிப்ரவரி 13-இல் சென்னையில் காலமானார்.

நீங்கள் என்ன செய்து பார்க்கலாம்?

'வீடு' படத்தின் ஒரு காட்சியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருது என்று கவனியுங்கள். பிறகு உங்கள் வீட்டு டியூப் லைட்டை அணைத்துவிட்டு, நடிப்பவரை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார வையுங்கள். உச்சி வெயிலைத் தவிர்த்து, காலையில் எடுங்கள். செலவு ஒரு வெள்ளிகூட ஆகாது.