ஊவாத் தோட்டங்களும் வாக்குரிமையும்

பதுளை, பசறை, பண்டாரவளை, ஹப்புத்தளை முதலிய இடங்களிலுள்ள தேயிலைத் தோட்டத் தமிழர்க்கு வாக்குச்சீட்டு எளிதிற் கிட்டிய பொருளன்று. 1931ஆம் ஆண்டின் டொனமூர் அரசியற்றிட்டம் சர்வசன வாக்குரிமையை வழங்கியபோதும், இந்திய வம்சாவளியினர்க்கு நிரந்தர வதிவை நிலைநாட்டுதல் போன்ற நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. ஆயினும் பலர் தேருநர் இடாப்பிற் பெயர் பெற்றனர். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில், இரு உறுப்பினர்க்குரிய பதுளைத் தொகுதியிலிருந்து இலங்கை இந்தியர் காங்கிரசைச் சார்ந்த எஸ். எம். சுப்பையா பாராளுமன்றம் புகுந்தார். தோட்ட மக்களின் வாக்கு வலிமையை அவ்வெற்றி புலப்படுத்திற்று.

அவ்வலிமை நீடிக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. பிரசைகளுக்கே வாக்கு என 1949இல் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டது. 1947இல் வாக்களித்தோர் பலர் 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் வாளாவிருக்க நேர்ந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவிற்கும் 300,000 பேரை இலங்கைக்கும் உரியவராக வகுத்தது. எஞ்சியோரின் நாடற்ற நிலை 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களாலேயே நீங்கலாயிற்று.

ஆயினும் பிரசாவுரிமை மட்டும் வாக்காகிவிடாது. இடாப்பிற் பெயர் இருத்தல் வேண்டும். வாக்களிப்பு நிலையத்தில் ஆளடையாளத்தை நிறுவுதல் வேண்டும். தபால்மூல வாக்கு பெரும்பாலும் அரச ஊழியர்க்கே உரியது. தோட்டத் தொழிலாளியும், தொழில் தேடிக் கொழும்பு சென்ற அவர் பிள்ளைகளும், பதிவு பெற்ற ஊரின் வாக்களிப்பு நிலையத்திற்கு நேரிற் செல்லவேண்டியவரே. இடாப்புத் திருத்தப்படுந்தோறும் தத்தம் பெயரைச் சரிபார்த்துக் கொள்ளுதல், ஒரு தலைமுறை இழந்து மீட்ட உரிமையைப் பேணும் முதற் கடமையாகும்.