சூரத்தின் குளிர்காலப் பந்தி

சூரத்தின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் கடலின் பருவத்தையே கணக்கில் கொண்டனர். தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்த பின்னரே ஐரோப்பியக் கப்பல்கள் வந்துசேரும். தப்தி ஆற்றின் முகத்துவாரத்தை மணல்திட்டுகள் அடைத்திருந்தமையால் பெருங்கலங்கள் நகர்வரை வர இயலாமல் சுவாலிக் கடற்கரையோரம் நங்கூரமிடும். ஆங்கிலேயரும் போர்த்துகீசியரும் அங்கே மோதியது 1612 நவம்பரில். சிவாஜியின் படை நகரைச் சூறையாடியது 1664 ஜனவரியில். சரக்கும் பணமும் நகரில் புழங்கிய மாதங்கள் அவை என்பதை மனத்திற்கொண்டால் இத்தேதிகள் வியப்பளிப்பதில்லை.

அந்நகரின் உணவு பற்றி நமக்குக் கிடைக்கும் சித்திரமும் இதே கடல்வழி வந்ததே. 1689இல் சூரத்துக்கு வந்த பாதிரியார் ஜான் ஓவிங்டன், ஆங்கிலேயப் பண்டகசாலையின் பொதுப் பந்தியை விரிவாக விவரிக்கிறார். வெள்ளித் தட்டுகள், பதவி மூப்பின்படி இருக்கைகள், ஆங்கிலேயர், போர்த்துகீசியர், இந்தியர் என மூவகைச் சமையற்காரர்கள், புலாவ், கபாப், பாதாமும் திராட்சையும் திணித்த கோழி. விழா நாள்களில் மான், மயில் இறைச்சியோடு பாரசீகக் கனிகளும் ஐரோப்பிய மதுவும் சேரும். உணவு வரலாற்றாய்வாளர்கள் இப்பகுதியை விரும்பிப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் அதைச் 'சூரத்தின் உணவு' என்று பொதுமைப்படுத்துவது பொருந்தாது. அது ஒரு கும்பினியின் படிநிலையைத் தட்டுகளில் பரிமாறிய பந்தி.

சூரத்துக்கு மண்ணின் பருவம் ஒன்றும் உண்டு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, பால்பிடித்து இன்னும் முற்றாத சோளக்கதிர்களைத் தணலில் வாட்டி, சூட்டோடு துணியில் பொதிந்து தடியால் அடித்து, உதிரும் பச்சை மணிகளைப் புடைத்தெடுப்பர். இதன் பெயர் 'போங்க்'. எலுமிச்சையோ மிளகோ பூண்டோ சேர்த்த சேவும், சிறு சர்க்கரை உருண்டைகளும், மோரும் இதற்குத் துணை. போங்க் வடை தனிச்சுவை. தப்திக் கரையில் அடாஜன் பகுதியில் குளிர்காலத்துக்கென்றே எழும்பும் கொட்டகைக் கடைகளை மக்கள் 'போங்க் நகரி' என்றழைக்கின்றனர். பருவம் முடிந்தால் கடையும் இல்லை, பண்டமும் இல்லை.

ஓவிங்டனின் பந்திக்கு ஏடுண்டு. போங்குக்கு ஏடு அரிது. இதற்குச் சுவை காரணமன்று, பண்டத்தின் இயல்பே காரணம். துறைமுகத்தின் கணக்கில் ஏறுபவை சேமிக்கத்தக்கவை, மூட்டை கட்டத்தக்கவை, கடல் கடக்கத்தக்கவை: துணி, அவுரி, வாசனைப் பொருள்கள். உலர்ந்து களம் சேர்ந்த சோளத்துக்கேனும் சந்தைவிலை உண்டு. 1877இல் வெளிவந்த சூரத்-புரோச் கெசட்டியர் தொகுதியிலும் சோளம் மாவட்டத்துப் பயிராக இடம்பெறுகிறது. வாட்டிய இளமணியோ ஓரிரு நாளில் கெட்டுவிடும். வயலுக்கும் வாய்க்கும் இடையே நெடுந்தொலைவைத் தாங்காது. கப்பலேற முடியாத உணவைக் கப்பல்காரர்களின் ஆவணத்தில் தேடி, அகப்படாததால் அதற்கு வரலாறே இல்லை என்று முடிவு கட்டுவது ஆய்வுமுறையின் பிழை. களத்தொழிலின் சொற்களும் அடுப்பமைப்பும் பயிர்வகைகளும் இங்கே சான்றுகளாக வேண்டும்.

அச்சான்றுகளைத் திரட்டுவதற்கான காலமும் குறுகிவருகிறது. பழைய சுவாலியை அடுத்த ஹஜீராவில் இன்று உருக்காலைகளும், ஆண்டு முழுதும் பெருங்கப்பல்கள் அணையும் ஆழ்கடல் துறைமுகமும் உள்ளன. நகரைச் சுற்றியிருந்த வயல்கள் மனைகளாகவும் ஆலைவளாகங்களாகவும் மாற, கதிர்க்கட்டுகள் முன்னைவிடத் தொலைவிலிருந்து லாரிகளில் தப்திக் கரைக்கு வந்திறங்குகின்றன.