நாக்மன், மாக்தா (1889–1951)

ரஷ்ய ஓவியர். புதுச்சேரியில் பாரதியாரின் 'இந்தியா' இதழோடு இணைந்திருந்த புரட்சியாளர் எம்.பி.டி. ஆச்சார்யாவின் மனைவி. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்து, லியோன் பாக்ஸ்டிடம் பயின்றார். 1913-இல் இவர் தீட்டிய கவிஞர் மரீனா ஸ்வெத்தாயெவாவின் உருவப்படம் புகழ்பெற்றது. அடுத்த சில ஆண்டுகளில் புரட்சி, உள்நாட்டுப் போர், பசி. வரையத் தெரிந்த கை வயிற்றுப்பாட்டுக்காகக் கிராம நாடகக்குழுவுக்குத் திரைச்சீலை வரைந்தது.

பிரிட்டிஷாரின் பிடிக்குத் தப்பி 1908-இல் கொழும்பிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய ஆச்சார்யாவை மாஸ்கோவில் சந்தித்து மணந்தார். 1922-இல் இருவரும் பெர்லின் சென்றனர். அந்நியருக்கு அங்கு எளிதில் வேலை கிடைக்கவில்லை. குடும்பம் பெரும்பாலும் மாக்தாவின் ஓவியங்களை நம்பியே இருந்தது. 1928-இல் அங்கு நடந்த இவருடைய கண்காட்சிக்கு எழுத்தாளர் விளாதிமிர் நபகோவ் விமர்சனம் எழுதினார். 1933-இல் மாக்தா வரைந்த நபகோவின் உருவப்படம் தொலைந்துபோய், ஒளிப்படமாக மட்டுமே எஞ்சியிருக்கிறது. இவருடைய படைப்புகள் பலவற்றின் கதியும் அதுவே. இழப்பின் அளவை நினைத்தால் மனம் கனக்கிறது.

நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் யூத வழி வந்த இவர் பெர்லினை விட்டு வெளியேறினார். 1930-களின் நடுவில் பம்பாயில் குடியேறி, பாம்பே ஆர்ட் சொசைட்டி கண்காட்சிகளில் பங்கேற்றார். உழைக்கும் மக்களின் முகங்களைக் கனிவோடு வரைந்தார். நடனக் கலைஞர் ஹில்டே ஹோல்கருக்கு ஆடைகளும் வடிவமைத்தார். வறுமை மட்டும் கடைசிவரை விடவில்லை. 12 பிப்ரவரி 1951 அன்று, தம் ஓவியக் கண்காட்சி திறக்கச் சில மணி நேரமே இருந்தபோது காலமானார்.